இரையிலிருந்து அதிஜீவிதைக்கு: நட்சத்திரங்கள் பேசினால் செய்தி மாறுமா?

மலையாள நியூஸ் சேனல்களை அவ்வப்போது பார்க்கிறவர்களுக்கு ஒரு சொல் காதில் விழுந்திருக்கும்: 'இர'. பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண்ணை அங்கே பல காலம் அப்படித்தான் குறிப்பிட்டார்கள். நம் எழுத்தில் அது 'இரை'. புலி அடித்த மான், பாம்பு விழுங்கிய தவளை, அந்த இரை. முதல் தடவை கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், நம்மூர்ப் பத்திரிகைகளில் 'காமுகனுக்கு இரையான இளம்பெண்' என்று படித்தபோதெல்லாம் எனக்கு எதுவுமே தோன்றவில்லையே என்பது உறைத்தது. பழகிவிட்டது, வேறொன்றுமில்லை.

இப்போது அதே சேனல்களில் 'இர' குறைந்துபோய் 'அதிஜீவித' வந்திருக்கிறது. அடிபட்டும் அழியாமல் மீண்டு வாழ்கிறவள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சொல்தானே என்று தோன்றும். அந்த ஒரு சொல் மாற ஒரு நடிகை வாயைத் திறக்க வேண்டியிருந்தது, அவர் பக்கத்தில் நின்ற சில நடிகைகள் பட வாய்ப்புகளை இழக்க வேண்டியிருந்தது, முழுசாக ஐந்து வருடம் ஆனது. பிரபலங்கள் குரல் கொடுப்பதால் என்ன ஆகிறது, என்ன ஆவதில்லை என்று பார்க்க, வாளையாறு தாண்டினால் கிடைக்கிற இந்த வழக்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

2017 பிப்ரவரி 17 இரவு. திருச்சூரிலிருந்து கொச்சிக்குக் காரில் வந்துகொண்டிருந்த நடிகை ஒருவர், தமிழ் ரசிகர்களுக்கும் நன்றாகத் தெரிந்தவர், வழியில் கடத்தப்பட்டார். ஓடுகிற காருக்குள் பாலியல் வன்முறை, கூடவே அதை வீடியோவும் எடுத்தார்கள். வீடியோ எடுத்ததற்குப் பின்னால் இருந்த கணக்கு பழைய கணக்குதான்: மானம் போகும் என்று பயந்து வெளியே சொல்ல மாட்டாள். அவர் சொன்னார். உடனே போலீசுக்குப் போனார். கணக்கு அங்கே தப்பியது.

முதல் நாள் செய்திகளில் பல ஊடகங்கள் அவருடைய பெயரையும் படத்தையும் போட்டே ஓட்டின. அப்போது அமலில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவு அதைத் தடுக்கிறது என்று நினைவு வந்த பிறகு பெயர் போய், 'நடி' மட்டும் மிஞ்சியது. இந்த வழக்கு மலையாளத்தில் இன்றுவரை 'நடியை ஆக்ரமிச்ச கேஸ்' என்றுதான் சொல்லப்படுகிறது. அந்தப் பெயரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நடிகை இருக்கிறார், தாக்குதல் இருக்கிறது, தாக்கியவன் இல்லை. வழக்கு யார்மேல் நடந்ததோ அவர்கள் பெயரில் இல்லாமல், யாருக்குக் கொடுமை நடந்ததோ அவர் பெயரில் எட்டு வருடத்துக்கு மேல் ஓடியது.

சம்பவம் நடந்த இரண்டாம் நாள் கொச்சி தர்பார் ஹால் மைதானத்தில் சினிமாக்காரர்கள் கூடினார்கள். இந்த மாதிரிக் கூட்டங்கள் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்: வெள்ளைச் சட்டை, மெழுகுவர்த்தி, 'நம் சகோதரிக்கு நேர்ந்த கொடுமை', மறுநாள் ஷூட்டிங். அதே மேடையில் மஞ்சு வாரியர் மட்டும் வேறு மாதிரி பேசினார். இதன் பின்னால் ஒரு கிரிமினல் சதி இருக்கிறது என்றார். நடந்ததைச் சோகமாகப் பேசுவதற்கும், திட்டம் போட்டுச் செய்த குற்றமாகப் பேசுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முதலாவதில் கேட்கிறவருக்குக் கண்ணீர் வரும், இரண்டாவதில் கேள்வி வரும்.

சில நாட்களிலேயே அந்த நடிகை மறுபடி படப்பிடிப்புக்கு வந்தார். அந்தப் படத்தின் கதாநாயகன் பிருத்விராஜ், தன் படங்களில் பெண்களை இழிவுபடுத்தும் வசனங்களைப் பேசி அதற்குக் கிடைத்த கைதட்டலை வாங்கிக்கொண்டதற்கு மன்னிப்புக் கேட்டும், இனி அப்படி ஒரு படத்தில் இருக்க மாட்டேன் என்றும் ஃபேஸ்புக்கில் எழுதினார். ஒரு முன்னணி ஹீரோ தன் தொழிலைப் பற்றியே இப்படி எழுதியது அபூர்வம். ஆனால் அதே வருடம் ஒரு எம்எல்ஏ, அவ்வளவு பெரிய கொடுமை நடந்திருந்தால் எப்படி உடனே நடிக்க வந்தார் என்று கேட்டார், அதையும் சேனல்கள் விவாதமாக்கின. வேலைக்கு வந்தால் பொய், வராமல் வீட்டில் அழுதால் பாவம். பாதிக்கப்பட்டவள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு எல்லார் மனதிலும் ஒரு திரைக்கதை இருக்கிறது, நாங்கள் செய்தி எழுதும்போதும் அதற்குப் பொருந்துகிற காட்சியைத்தான் தேடுகிறோம்.

2017 மே மாதம் மஞ்சு வாரியர், பார்வதி, ரீமா கல்லிங்கல், அஞ்சலி மேனன், பீனா பால் உள்ளிட்டோர் சேர்ந்து 'விமன் இன் சினிமா கலெக்டிவ்' என்ற அமைப்பைத் தொடங்கி நேராக முதல்வர் பினராயி விஜயனைப் போய்ப் பார்த்தார்கள். மெழுகுவர்த்தி ஏற்றப் போகவில்லை, மனு கொடுக்கப் போனார்கள். சினிமாத் துறையில் பெண்களின் வேலை நிலைமையை ஆராய ஒரு குழு வேண்டும் என்பது கோரிக்கை. ஓய்வுபெற்ற நீதிபதி ஹேமா தலைமையில், நடிகை சாரதா, ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி வல்சலகுமாரி ஆகியோரைக் கொண்ட குழு அப்படித்தான் வந்தது. நட்சத்திரம் பேசுவதில் இரண்டு வகை உண்டு என்று எனக்குப் படுகிறது. ஒன்று கருத்து, இன்னொன்று கோரிக்கை. கருத்துக்கு லைக் கிடைக்கும், விலை ஒன்றும் கிடையாது. கோரிக்கை வைத்தால் யாரோ பதில் சொல்லியாக வேண்டும் என்பதால் கோரியவர்மேல் பகை வரும்.

வந்தது. ஜூலை 10ஆம் தேதி, இந்தத் தாக்குதலுக்குப் பின்னால் இருந்த சதியில் பங்கு என்ற குற்றச்சாட்டில் நடிகர் திலீப் கைதானார், 85 நாள் சிறையில் இருந்துவிட்டு அக்டோபரில் ஜாமீனில் வந்தார். இடைப்பட்ட நாட்களின் ஒளிபரப்பை நினைத்துப் பார்த்தால், ஒரு பெண்ணுக்கு நடந்த குற்றம் எவ்வளவு சீக்கிரம் ஒரு ஹீரோவின் கதையாகிவிட்டது என்பது தெரியும். ஆலுவா சிறை வாசலில் கேமராக்கள், அவரைப் பார்க்க யார் யார் வந்தார்கள் என்ற பட்டியல், அவர் உள்ளே இருக்கும்போதே வெளியான படத்தின் வசூல், வெளியே வந்த அன்று ரசிகர்கள் போட்ட ஆட்டம். சட்டப்படி அந்தப் பெண்ணின் முகத்தைக் காட்டக் கூடாது, அது சரி. ஆனால் திரையில் ஒரு முகம் வேண்டுமே. அந்த இடத்தில் ஹீரோ வந்து உட்கார்ந்துகொண்டார்.

2018 ஜூனில் மலையாள நடிகர் சங்கம் அவரை மறுபடி சேர்த்துக்கொள்ள முடிவெடுத்தபோது, பாதிக்கப்பட்டவரும் ரீமா கல்லிங்கல், கீது மோகன்தாஸ், ரம்யா நம்பீசன் ஆகியோரும் சங்கத்தைவிட்டு விலகினார்கள். அந்தச் சங்கத்தின் பெயரைச் சுருக்கினால் 'அம்மா' என்று வரும். இதற்கு மேல் நான் ஜோக் அடிக்க வேண்டியதில்லை.

பார்வதி அதற்கு முன்பே மாட்டியிருந்தார். 2017 டிசம்பரில் திருவனந்தபுரம் திரைப்பட விழாவில், மம்மூட்டி நடித்த 'கசபா' படத்தில் பெண்களை நடத்தியிருந்த விதத்தை விமர்சித்தார். மம்மூட்டியின் நடிப்பைப் பற்றிக் குறையொன்றும் சொல்லவில்லை, அப்படிப்பட்ட காட்சியை ஒரு பெரிய நடிகர் செய்வது வருத்தம் என்றுதான் சொன்னார். வந்த வசவும் மிரட்டலும் ஆள் கைதாகிற அளவுக்குப் போனது. அடுத்து வெளியான அவருடைய படத்தின் பாட்டுக்கு யூட்யூபில் டிஸ்லைக் குத்தி வஞ்சம் தீர்த்தார்கள். வாய்ப்புகள் குறைந்ததை அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். 'செலிபிரிட்டி ஆக்டிவிசம்' என்றால் பப்ளிசிட்டி என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பப்ளிசிட்டிக்கு இவ்வளவு விலை கொடுத்து யாரும் வாங்க மாட்டார்கள்.

2022 ஜனவரியில் அந்த நடிகை இன்ஸ்டாகிராமில் எழுதினார். குற்றம் செய்தது தான் இல்லை என்றாலும் ஐந்து வருடமாகத் தன் பெயரும் அடையாளமும் தனக்கு நடந்த தாக்குதலின் அடியில் நசுங்கிக் கிடக்கின்றன, இரை என்ற நிலையிலிருந்து மீண்டவள் என்ற நிலைக்கு வந்த பயணம் சுலபமாக இல்லை என்ற பொருளில். மம்மூட்டியும் மோகன்லாலும்கூட அதைப் பகிர்ந்தார்கள். பகிர ஒரு விநாடி ஆகும், இவர்களுக்கு ஐந்து வருடம் ஆகியிருந்தது என்று அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. அடுத்த மார்ச்சில் அவர் தன் பெயரோடும் முகத்தோடும் மேடையில் பேசினார், கேரளத் திரைப்பட விழாவின் தொடக்கத்தில் அரங்கமே எழுந்து கைதட்டியது. 'அதிஜீவித' பரவலாக நிலைத்தது அதற்குப் பிறகுதான். எந்த ஸ்டைல் புக்கும் இந்த மாற்றத்தைக் கொண்டுவரவில்லை. தன்னை எப்படி அழைக்க வேண்டும் என்று சம்பந்தப்பட்டவரே சொன்ன பிறகு வேறு மாதிரி அழைப்பது அசிங்கமாகிவிட்டது. (அவரே வெளியே வந்துவிட்டபோது நான் ஏன் பெயரை எழுதவில்லை என்றால், இந்தக் கட்டுரைக்கு அது தேவைப்படவில்லை.)

சரி, நம் பக்கம்.

பல வருடங்களுக்கு முன் ஒரு பத்திரிகையில் இரவு டெஸ்க்கில் உட்கார்ந்திருந்தேன். மாவட்ட நிருபர் அனுப்பிய செய்தி, ஒரு லாட்ஜில் போலீஸ் சோதனை. நான் 'பெண் மீட்பு' என்று தலைப்பு எழுதினேன். சீனியர் எட்டிப் பார்த்துவிட்டு, "பெண்ணுன்னு போட்டா எவன் படிப்பான்? அழகின்னு போடு" என்றார். அந்தப் பெண்ணை அவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. அழகி என்று போட்டேன். மறுநாள் டீக்கடை வாசலில் போஸ்டராகவும் தொங்கியது.

இந்த மொழியைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். 'கற்பழிப்பு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அழிந்தது அவள் கற்பு என்கிறது. அவள் உடம்புமேல் நடந்த வன்முறை அந்தச் சொல்லில் எங்கேயும் இல்லை, போனது அவளிடம் குடும்பம் கொடுத்துவைத்திருந்த ஏதோ ஒரு சொத்து என்பதுபோல் இருக்கிறது. 'சீரழித்தான்', 'நாசம் செய்தான்' எல்லாம் இதன் உறவினர்கள்தான். நாசமானவள் அவள், அவன் அல்ல. 'ஒருதலைக் காதல்' இன்னும் மோசம், கத்தியோடு பின்தொடர்ந்தவனுக்குக் காதலன் பட்டம். 'உல்லாசம்' வந்தால் செய்தி படிக்கிறவனுக்கும் கொஞ்சம் உல்லாசம். 'கதறக் கதற' என்பதற்கு விளக்கமே வேண்டாம். இலங்கைத் தமிழ் ஏடுகளில் 'பாலியல் வல்லுறவு' நெடுநாளாகப் புழங்குகிறது. இங்கே 'பாலியல் வன்கொடுமை' முக்கிய நாளிதழ்களில் ஓரளவு இடம்பிடித்துவிட்டது, யூட்யூப் தம்ப்நெயிலில் இன்னும் பழைய ஆட்சிதான்.

சொல்லை மாற்றினால் போதுமா என்றால் போதாது, வாக்கிய அமைப்பும் இருக்கிறது. 'மாணவி பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டார்.' பள்ளிக்கூடத்தில் படித்த செயப்பாட்டு வினை. 'பட்டார்' என்று முடிகிறபோது செய்தவன் வாக்கியத்தைவிட்டே வெளியேறிவிடலாம், இலக்கணம் அனுமதிக்கிறது. மழை பெய்ததுபோல, மரம் விழுந்ததுபோல அவளுக்கு அது 'நேர்ந்தது'. சட்டக் காரணத்துக்காகச் சிலநேரம் இப்படி எழுதித்தான் ஆக வேண்டும், சந்தேக நபரைக் குற்றவாளி என்று எழுத முடியாது. ஆனால் தண்டனை கிடைத்த பிறகும் அப்படியே எழுதுகிறோம்.

பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கு 2019இல் வெடித்தபோது என்ன நடந்தது என்று நினைவிருக்கும். அடிக்க வேண்டாம் என்று "அண்ணா" போட்டுக் கெஞ்சுகிற ஒரு குரல். அந்தக் குரலை டிவியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள், வாட்ஸ்அப்பில் சுற்றியது, அக்கறையோடு கண்டித்தவர்களும் அதை ஒரு தடவை போட்டுக் காட்டிவிட்டுத்தான் கண்டித்தார்கள். புகார் கொடுத்த பெண்ணின் பெயர் காவல்துறை அதிகாரியின் பேட்டியில் வந்தது, அரசாணையிலும் வந்தது. அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது உயர்நீதிமன்ற மதுரைக் கிளை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் புகாரில் எஃப்ஐஆரே இணையத்தில் கசிந்தது, அப்போதும் உயர்நீதிமன்றம் சொன்ன இடைக்கால இழப்பீடு அதே 25 லட்சம். ஐந்து வருடத்துக்கு மேலான இடைவெளியில் விலைவாசிகூட ஏறவில்லை.

அந்த டிசம்பரில்தான் நடிகரும் கட்சித் தலைவருமான விஜய், தமிழகப் பெண்களுக்கு அண்ணனாக நிற்பேன் என்று கைப்பட ஒரு கடிதம் எழுதி வெளியிட்டார். அவர் நோக்கத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் நம் ஊரில் ஆண் பிரபலம் இந்த விஷயத்தில் வாயைத் திறந்தால் 'அண்ணன்' தவிர வேறு வேடம் கிடைப்பதில்லை என்பது எனக்கு உறுத்துகிறது. அண்ணன் என்றால் பாதுகாப்பான், சரி. பொள்ளாச்சியில் அந்தப் பெண் யாரை 'அண்ணா' என்று கூப்பிட்டாள்? பாதுகாப்பு என்பது ஒரு ஆணின் நல்ல குணத்தைப் பொறுத்த விஷயமாக இருக்கும்வரை, அவள் போகிற இடத்திலெல்லாம் அது கூடவே வராது.

பெண் நட்சத்திரங்கள் பேசும்போது வேறு மாதிரி நடக்கிறது. கொச்சி சம்பவம் நடந்த சில நாட்களில், ஒரு டிவி சேனல் நிர்வாகி தன்னிடம் தவறாகப் பேசியதை வரலட்சுமி சரத்குமார் ட்விட்டரில் எழுதினார், மகளிர் நீதிமன்றங்கள் வேண்டும் என்று 'சேவ் சக்தி' இயக்கம் தொடங்கினார், முதல்வர்வரை போனார். 2018 அக்டோபரில் பாடகி சின்மயி ஒரு முன்னணிப் பாடலாசிரியர்மேல் குற்றம் சாட்டினார், அவர் மறுத்தார். யார் சொல்வது உண்மை என்று இங்கே நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, சின்மயியிடம் மைக் நீட்டியவர்கள் கேட்ட கேள்வியை மட்டும் பார்ப்போம்: இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை, உங்கள் கல்யாணத்துக்கு அவரை ஏன் அழைத்தீர்கள்? குற்றம் சாட்டப்பட்டவரைவிடச் சாட்டியவர்தான் அதிகம் குறுக்கு விசாரணை செய்யப்பட்டார். அதே நவம்பரில், சந்தா கட்டவில்லை என்ற காரணத்தைச் சொல்லி டப்பிங் யூனியன் அவரை நீக்கியது. '96' படத்தில் திரிஷாவுக்கு அவர் கொடுத்த குரலை ஊரே கொண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. மறுபடி திரிஷாவுக்குத் தமிழில் அவர் குரல் கேட்க 2023இல் 'லியோ' வரவேண்டியிருந்தது.

அந்த 2023 நவம்பரிலேயே திரிஷாவைப் பற்றி மன்சூர் அலிகான் பேசிய பேச்சுக்கு நடிகர் சங்கம் கண்டித்தது, தேசிய மகளிர் ஆணையம் தலையிட்டது, போலீஸ் வழக்குப் போட்டது, சில நாட்களில் மன்னிப்பும் வந்தது. அவ்வளவு வேகமாக நடந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு துணை நடிகையைப் பற்றிப் பேசியிருந்தால்?

துணை நடிகை என்றதும் ஹேமா குழுவின் அறிக்கைக்கு வர வேண்டும். 2019 டிசம்பர் 31 அன்று அரசிடம் கொடுக்கப்பட்டு, நாலரை வருடத்துக்கு மேல் அலமாரியில் தூங்கி, தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே 2024 ஆகஸ்ட் 19 அன்று, சில பகுதிகள் நீக்கப்பட்டு வெளியே வந்தது. வானத்து நட்சத்திரங்கள் மின்னுவதில்லை என்று அறிவியல் சொல்லிவிட்டது, கண்ணால் பார்ப்பதை நம்பாதே, உப்பும் சர்க்கரை மாதிரித்தான் இருக்கும் என்ற பொருளில் தொடங்குகிறது அறிக்கை. அரசாங்க அறிக்கை இப்படித் தொடங்கி நான் பார்த்ததில்லை.

சேனல்கள் அதில் பிடித்துக்கொண்டது 'பவர் குரூப்'. துறையை ஆட்டிப்படைக்கிற சிறு கூட்டம் ஒன்று இருப்பதாக அறிக்கையில் வருகிறது, பெயர்கள் இல்லை. அப்புறம் என்ன, யார் அந்த ஆட்கள் என்று வாரக்கணக்கில் கண்ணாமூச்சி. தொடர்ந்து நடிகைகள் பலர் வெளிப்படையாகப் புகார் சொன்னார்கள், மோகன்லால் தலைமையிலான சங்க நிர்வாகக் குழு மொத்தமாக ராஜினாமா செய்தது. பெரிய நிகழ்வுதான். ஆனால் அறிக்கையில் என் மனதில் நின்றது கழிப்பறை. வெளிப்புறப் படப்பிடிப்பில் கழிப்பறையும் உடைமாற்ற இடமும் இல்லாததால் பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள், சிறுநீர்த் தொற்று வருகிறது. மாதவிலக்கு நாட்களில் நாப்கின் மாற்ற மரமறைவு தேட வேண்டியிருக்கிறது. ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகளுக்கு ஒப்பந்தம் கிடையாது, கூலி ஏஜென்ட் கை வழியே வரும்போது எவ்வளவு மிஞ்சும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இரவு வந்து கதவைத் தட்டுகிறவனும், ஒரு கழிப்பறைகூடக் கட்டித்தராதவனும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு கைகள் என்றுதான் நான் அந்த அறிக்கையைப் படித்தேன். கழிப்பறையைப் பற்றி எந்த சேனல் ஒன்பது மணி விவாதம் வைக்கும்?

சென்னையில் அந்த அலை விமான நிலைய வாசலில் வந்து அடித்தது. தமிழ் சினிமாவுக்கும் அப்படி ஒரு குழு வேண்டுமா என்று பைட் எடுக்கப் போன நிருபர்கள் ரஜினிகாந்திடம் கேட்க, அதைப் பற்றித் தனக்குத் தெரியாது, சாரி என்று சொல்லிவிட்டுப் போனார். அதை வைத்து இரண்டு நாள் சண்டை. அவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் இதே கேள்வியோடு எத்தனை மைக்குகள் படப்பிடிப்புத் தளத்தில் நடனக் குழுப் பெண்களிடம் போயின? ராதிகா சரத்குமார், கேரவனுக்குள் ரகசியக் கேமரா வைத்து எடுத்த வீடியோவை ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்ததைக் கேரளத்தில் கண்டதாகச் சொன்னார், ஆண் நட்சத்திரங்களின் மௌனத்தைக் குறை சொன்னார். செப்டம்பரில் நடிகர் சங்கம் கூடி, குற்றம் உறுதியானால் ஐந்து வருடம் தடை என்று தீர்மானம் போட்டது. கூடவே, புகாரை ஊடகத்திடம் சொல்லாமல் நடிகை ரோகிணி தலைமையிலான விசாகா கமிட்டியிடம் (பாலியல் புகார்களை விசாரிக்கிற குழு) கொண்டுவாருங்கள் என்றது. ஊடகம் என்ன செய்யும் என்று மேலே சொன்னதையெல்லாம் பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஊடகத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் சங்கம் கூடியிருக்குமா என்று கேட்டால் அதிலும் நியாயம் இருக்கிறது.

கேரளத்திலும் அலை வடிந்தது. அறிக்கையை வைத்துப் பதிவான வழக்குகளில் வாக்குமூலம் தர யாரும் முன்வராததால் அவற்றைக் கைவிடுவதாக 2025 ஜூனில் அரசு உயர்நீதிமன்றத்தில் சொன்னது. அதே வருடம் ஆகஸ்டில் ஸ்வேதா மேனன் மலையாள நடிகர் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். தயாரிப்பு நிறுவனங்களில் உள்புகார்க் குழு கட்டாயம் என்று 2022இலேயே உயர்நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது, அதைக் கேட்டு வழக்குப் போட்டவர்களும் அதே விமன் இன் சினிமா கலெக்டிவ் பெண்கள்தான். பரபரப்பில்லாத, போட்டோவுக்கு ஆகாத இந்த வேலைதான் கடைசியில் மிஞ்சியிருக்கிறது.

2025 டிசம்பர் 8 அன்று எர்ணாகுளம் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கடத்தலிலும் வன்முறையிலும் நேரடியாக ஈடுபட்ட ஆறு பேர் குற்றவாளிகள், சதி நிரூபிக்கப்படவில்லை என்று திலீப் விடுதலை. நாலு நாள் கழித்து ஆறு பேருக்கும் 20 வருடச் சிறை. அரசு மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொன்னது. தீர்ப்பு வந்த சற்று நேரத்தில், இன்னும் டெஸ்க்கில் இருக்கிற பழைய நண்பன் ஒருவன் போன் செய்தான். இணையப் பக்கத்துக்கு என்ன தலைப்பு வைக்கலாம் என்று சும்மா கேட்டான். "நடிகையைக் கடத்திய ஆறு பேர் குற்றவாளிகள்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் டைப் அடிக்கிற சத்தம்.

"ஹீரோ பேரு இல்லாம எவன்டா உள்ள வருவான்?" என்றான்.